குப்பியில் மிஞ்சியது

ஒரு கையில் குப்பி, மறு கையில் சொட்டுக்குழாய். குப்பி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதைச் சாய்த்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே ஒட்டியிருந்த ஈரத்தை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து உறிஞ்சினார் வெல்டர். முப்பது வருடம் ராடு பிடித்த விரல்கள். புறங்கையெல்லாம் பொறி பட்டு ஆறிய வெள்ளைப் புள்ளிகள். எதிரே அவருடைய மைத்துனர், மேசைமேல் கன்னத்தை வைத்து, வலது காது மேலே தெரியும்படி கவிழ்ந்திருந்தார்.

"ஆடாத மாப்ள. சொட்டு வெளிய போயிடும்."

"நான் ஆடல மாமா. மேசைதான் ஆடுது. ஒரு கால் கட்டை. நீங்க அடிச்ச மேசைதானே?"

மூன்று சொட்டு விழுந்தது. குப்பி காய்ந்துபோயிற்று. வெல்டர் அதை மூடி, மற்ற காலிக் குப்பிகளோடு டப்பாவில் அடுக்கினார்.

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பின்னால் அவர் வாயால் கேட்டதுதான். நான் பார்த்திருக்க வேண்டியது வேறு ஒன்று. அதற்கு வருகிறேன்.

காது ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அங்கே ஒரு புது மருந்தைப் பரிசோதித்தார்கள். செவிப்பறையில் விழும் ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். தீக்காயத்தால் விழுந்த ஓட்டை மட்டும் அடம்பிடிக்கும். விளிம்பு கருகிப்போவதால் தோல் அதற்குமேல் வளராமல் நின்றுவிடும். உடம்பிலேயே கொஞ்சமாகச் சுரக்கிற வளர்ச்சிக் காரணி ஒன்றைச் சொட்டு மருந்தாக்கி, அந்த விளிம்பை மறுபடி வளரத் தூண்டுவதுதான் திட்டம். ஓட்டை மூடுகிறதா என்று டாக்டரம்மா பார்ப்பார். மருந்து ஏதாவது கெடுதல் செய்கிறதா என்று கவனித்து எழுதுவது என் பொறுப்பு. இருபத்தொன்பது நோயாளிகள். ஆளுக்கொரு நோட்டு. வலி, கிறுகிறுப்பு, இரைச்சல், ஒழுகல் எதுவானாலும் அன்றன்றைக்கு அவர்கள் எழுத வேண்டும். வருகிற ஒவ்வொரு முறையும் நான் பன்னிரண்டு கேள்வி கேட்டுப் படிவத்தில் குறிக்க வேண்டும்.

வெல்டருக்கு ஓட்டை விழுந்த கதை எளிமையானது. மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொண்டு தலைக்குமேல் பற்றவைத்தபோது, உருகிய இரும்பு ஒரு துளி நேராக வலது காதுக்குள் இறங்கிவிட்டது. "சுடுற தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி ஒரு சத்தம் சிஸ்டர். அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல சத்தமே இல்ல" என்றார். நாலு மாதமாகியும் மூடவில்லை.

பட்டறையில் அவருக்குத் 'துண்டுராடு' என்று பெயர். மற்றவர்கள் ஒரு சாண் மீதியிருக்கும்போதே ராடைக் கழற்றி எறிவார்கள். இவர் ராடைக் கவ்வியிருக்கிற ஹோல்டர் சுடுகிறவரைக்கும், கட்டைவிரல் நீளம் மிஞ்சுகிறவரைக்கும் விடமாட்டார். மற்றவர்கள் எறிந்த துண்டுகளையும் சாயங்காலம் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டவைத்து மறுநாள் எரிப்பார். கருமித்தனம் என்று சொல்ல முடியாது. பிறத்தியாருக்கு வாரிக் கொடுக்கிற மனுஷன். பொருள் வீணாவதைப் பார்க்கத்தான் அவருக்குக் கண் பொறுக்காது.

மைத்துனர் அவருடைய மனைவியின் தம்பி. மனைவியை இழந்தவர், அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தார். அதே பட்டறையில் ஃபிட்டர். வெல்டர் அடிக்கிற கிரில்லையும் கைப்பிடியையும் ஏணி ஏறிப் பொருத்துகிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம். முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் எங்கள் பெஞ்சின்மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், உங்க பெஞ்சு இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. கடைசில உக்காந்திருக்கறவர் விழுந்துடுவார்" என்றார்.

அவருக்கும் வலது காதுதான். சின்ன வயதிலிருந்தே ஓட்டை, துர்நாற்றத்தோடு ஒழுகல். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"உங்க காதுக்கு இந்த மருந்து கூடாது. உள்ள ஒரு பை மாதிரி ஆகி, தப்பான இடத்துல தோல் சேர்ந்திருக்கு. இந்த மருந்து தோலை வளரவைக்கிற மருந்து. எந்தத் தோல் வளரணும்னு அதுக்குத் தெரியாது. நீங்க ஆபரேஷன் பண்ணிக்கணும், தள்ளிப்போடாதீங்க."

"ஒரே வீட்டுச் சோறுதான் சாப்பிடறோம் டாக்டரம்மா. அவருக்கு ஒத்துக்கறது எனக்கு ஒத்துக்காதா?"

"சோறு வயித்துக்குப் போகுது. இது காதுக்குப் போகுது."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கவில்லை. காதில் கத்தி வைத்தால் முகம் கோணிக்கொள்ளும் என்று யாரோ அவர் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். அது எப்போதோ ஒருமுறை நடப்பது என்று நான் சொன்னேன். "அந்த ஒரு ஆள் நானா இருந்துட்டா?" என்றார்.

மருந்து நாளுக்கு ஒரு குப்பி. மூன்று சொட்டுதான் தேவை. ஆனால் குப்பியில் ஆறேழு சொட்டு இருக்கும். அதைவிடக் குறைவாக நிரப்ப முடியாதாம். மீதியை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. மீதியோடு குப்பியை மூடி வைத்திருந்து, மாதம் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் எவ்வளவு காதுக்குப் போனது என்று தெரியும். இதை ஒவ்வொருவருக்கும் நானே சொன்னேன். வெல்டரும் தலையாட்டினார்.

பத்தாம் நாள் பார்த்தபோது அவருடைய ஓட்டை பாதியாகச் சுருங்கியிருந்தது. அன்று வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லையாம். எதிரில் மைத்துனர் காதில் பஞ்சை மாற்றிக்கொண்டிருந்தார். தனக்கு ஆறுகிறது, அவனுக்கு ஆறவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் பாதி மருந்தோடு பத்துக் குப்பி நிற்கிறது. மைத்துனர் கேட்கவில்லை. இவர்தான் கூப்பிட்டார்.

"மாப்ள, வா இங்க. வீணாத்தான போகுது."

"டாக்டரம்மா கூடாதுன்னாங்களே."

"அவங்க எல்லாத்துக்கும் கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. எனக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாதுன்னாங்க. நான் குளிச்சேன். என்ன ஆச்சு?"

இந்த வாக்கியத்தை என்னிடம் திருப்பிச் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் மைத்துனர் காது காய்ந்தது. "மாமா, நாத்தமே இல்ல" என்று தலையணையை மோந்து காட்டினாராம். இரண்டாம் வாரம் காதுக்குள் கனம். மூன்றாம் வாரம் வலி. வெல்டர் தன் நோட்டில் தினமும் 'தொந்தரவு இல்லை' என்று எழுதினார். அவர் காதைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

ஒரு திங்கட்கிழமை, முதல் மாடி பால்கனிக்குக் கிரில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் ஏணியில். வெல்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து சத்தம் நின்றுவிட்டது.

"என்ன மாப்ள?"

"குமிழி நடுவுலதான் நிக்குது மாமா" என்றார் மைத்துனர். ரசமட்டத்தைக் கிரில்மேல் வைத்திருந்தார். "ஆனா செவுரு சாயுது."

வெல்டர் ஏறிப்போய், அவர் விரல்களைக் கிரில்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தார். கீழே வந்ததும் மைத்துனர் இரண்டு முறை வாந்தியெடுத்தார். தெருமுனை டாக்டர் பித்தம் என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். காதைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

வழியில் மைத்துனர்தான் பேச்சை எடுத்தார். "ஆஸ்பத்திரில மூச்சு விட்டுடாதீங்க மாமா. உங்களையும் நிறுத்திடுவாங்க. மூடற நேரத்துல கெடுத்துக்காதீங்க."

வெல்டர் சரி என்றார். அந்தச் சரியைச் சொன்னபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, அதைத்தான் நினைத்தால் கூசுகிறது என்றார் என்னிடம்.

மறுநாள் செவ்வாய். அவர் எங்களிடம் வரவேண்டிய நாள். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டை முழுதாக மூடியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் டப்பாவைத் திறந்தேன். குப்பிகள் பளிச்சென்று இருந்தன. மற்றவர்கள் கொண்டுவருகிற குப்பிகளில் அடியில் மருந்து கலங்கிக் கிடக்கும். இவருடையதில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. இங்க இருக்கறவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றேன்.

காலிக் குப்பியைப் பார்த்து மருந்து எங்கே போனது என்று கேட்பதற்குத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். நான் பாராட்டுப் பத்திரம் வாசித்தேன். அதோடு நிற்கவில்லை. படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி: மருந்தை வேறு யாருக்காவது பயன்படுத்தினீர்களா? முதல் மூன்று கேள்வியைக் கேட்டேன். மீதியைக் கேட்காமலே வரிசையாக 'இல்லை' என்று டிக் போட்டேன். வெளியே கூட்டம் இருந்தது. இவர் நல்ல நோயாளி. அன்றைக்கு என்னிடம் இருந்த காரணம் அவ்வளவுதான்.

வெல்டர் வெளியே வந்து பெஞ்சில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அச்சகத்தில் வேலை, அன்றுதான் மருந்து ஆரம்பித்தவள். மடியில் புது டப்பா.

"உங்களுக்குச் சரியாயிடுச்சாமே அண்ணா, உள்ள பேசிக்கிட்டாங்க. தொந்தரவு ஏதும் உண்டா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"இதுல பாதி மிச்சமாகுமாம். எங்கம்மாவுக்கும் ரொம்ப நாளா காது ஒழுகுது. அவங்களுக்கு ரெண்டு சொட்டு விட்டா என்ன? சும்மாதானே திருப்பிக் கொடுக்கணும்."

அவர் செருப்பு வாரைப் போட்டு முடித்தார். "சிஸ்டர்கிட்ட கேட்டுக்கம்மா" என்றார். எழுந்து போய்விட்டார்.

அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்க நான் வெளியே இருக்கவும் இல்லை. தெருக்கோடிவரை போன வெல்டர் திரும்பி வந்திருக்கிறார். பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி தம்பியின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தார். அந்த அம்மாவோடு எனக்குப் பின்னால் நல்ல பழக்கம். பேச்சு குறைவு, கண் கூர்மை. உறையில் காய்ந்த ரத்தம் கலந்த சீழ்க்கறை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அவனைக் கேட்டா சொறிஞ்சுக்கிட்டேங்கறான். எழுந்து நிக்கச் சொன்னா செவுத்தைப் பிடிக்கறான். நீங்க சொல்லுங்க."

வெல்டர் சொன்னார். ஃப்ரிட்ஜைத் திறந்து கடைசிக் குப்பியை எடுத்துக் காட்டியும் சொன்னார். அந்த அம்மா சத்தம் போடவில்லை.

"உங்க காது மூடிடுச்சுன்னு நான் இன்னிக்கு மூணு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்" என்றார். "அவங்கள்லாம் அவனைப் பத்தியும் கேட்டாங்க. அவனும் அந்த மருந்தே போட்டிருந்தா தேவலைன்னு நானே சொன்னேன்."

"நல்லதுக்குத்தான் நெனச்சேன்."

"நெனச்சது நல்லதுக்கு. மறைச்சது யார் நல்லதுக்கு?"

அந்த அம்மா உறையைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு முடிந்து வைத்தார். டாக்டர் பார்க்கட்டும் என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் போனபோது ஆஸ்பத்திரிப் படியில் மூன்று பேரும் இருந்தார்கள். மைத்துனர் அக்கா தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக மூடியிருந்தார். திறந்தால் எல்லாம் சுற்றுகிறதாம். வெல்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார்.

"என் பேரை அடிச்சிடுங்க சிஸ்டர். என் காதை மறுபடி ஓட்டை போடணும்னாலும் போடுங்க. இவனை மட்டும் பாருங்க."

"ஓட்டை போடறது இங்க வழக்கமில்ல. உள்ள கூட்டிட்டு வாங்க" என்றேன்.

டாக்டரம்மா பத்து நிமிஷம் பார்த்தார். காதை லேசாக அழுத்தியதும் மைத்துனரின் கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக ஓடின. உள்ளே தப்பாகச் சேர்ந்த தோல், உடம்பின் சமநிலையைக் காக்கிற குழாயின் எலும்பை அரித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். உடனே ஸ்கேன், அன்றைக்கோ மறுநாளோ ஆபரேஷன். இன்னும் ஒரு வாரம் பித்த மாத்திரையோடு படுத்திருந்தால் அந்தக் காதின் கேட்கும் திறனே முழுதாகப் போயிருக்கும் என்றார்.

"நான் போட்ட மருந்தாலதானே டாக்டரம்மா?" என்றார் வெல்டர்.

"எனக்குத் தெரியாது. இந்த நோய் மருந்து போடாமலே இப்படி அரிக்கும். உங்க மருந்து அவசரப்படுத்திச்சா, தெரியாது. தெரியாததாலதான் இவருக்குக் கூடாதுன்னு சொன்னேன். இப்ப செய்ய முடிஞ்சது ஒண்ணுதான். நடந்ததை நடந்தபடி எழுதணும். நேத்து சிஸ்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பாரம் அவர் தலையிலிருந்து என் தலைக்கு வந்திருக்கும்.

"தப்புதாங்க" என்றார்.

இருபது வயதில் இந்த வேலைக்கு வந்தவள் நான். எத்தனையோ பேருடைய பொய்யைப் பிடித்திருக்கிறேன். எனக்காக ஒரு நோயாளி பழியை ஏற்றுக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. காது மடல் சுட்டது.

"அவர் இல்லைன்னு சொல்லல டாக்டர். நான் கேக்கவேயில்ல. கேக்காமலே டிக் போட்டேன். குப்பி காலியா இருந்ததையும் பார்த்தேன்" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. அன்றும் அதட்டவில்லை. "எத்தனை படிவம் அப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பார்க்கணும்" என்றேன். அந்தப் பதில் மோசமானது. ஆனால் உண்மை.

வெல்டர் உடனே போகவில்லை. கதவருகே நின்றார். "இன்னொண்ணு இருக்கு சிஸ்டர்" என்று அந்த அச்சகப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "எங்கிட்டதான் கேட்டா. நான் பேசாம வந்துட்டேன்."

மைத்துனரையும் அக்காவையும் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்த குப்பி டப்பாக்களை எல்லாம் மேசையில் கொட்டினேன். ஈரமில்லாத குப்பிகளைத் தனியே ஒதுக்கினேன். வெல்டரைச் சேர்க்காமல் நாலு வீடு. ஒவ்வொன்றாக ஃபோன் செய்து, பன்னிரண்டாவது கேள்வியை முதல் முறையாகக் கேட்டேன். ஒருவர் வாஷ்பேசினில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்; கழுவவும் செய்தாராம். ஒருவர், குறையாமல் இருக்கட்டும் என்று ஏழு சொட்டையும் தன் காதிலேயே விட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மா மகளின் முட்டிச் சிராய்ப்பில் தடவியிருந்தார். "சீக்கிரம் ஆறிடுச்சு சிஸ்டர், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று குஷியாகக் கேட்டார். நாலாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தம்பிக்கு என்றார். எல்லோரையும் அன்றைக்கே வரச் சொன்னேன்.

கடைசியாக அந்த அச்சகப் பெண்ணின் எண்ணை அழுத்தினேன். வெல்டர் கையை நீட்டினார். ஒரு நோயாளியின் கையில் இன்னொரு நோயாளிக்குப் போட்ட ஃபோனைக் கொடுப்பது விதிப்படி தப்பு. கொடுத்தேன். அவர் அதை ஆறிய வலது காதுக்குக் கொண்டுபோய், ஒரு கணம் நிறுத்தி, இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நேத்து பெஞ்சில உங்க பக்கத்துல இருந்தவன்மா. செருப்பு மாட்டிட்டு இருந்தேனே." அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "ஆமா. அம்மாவுக்கு அந்த மருந்தைப் போட்டுடாதீங்க."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "நேத்து சாயங்காலமே போட்டுட்டேனே அண்ணா. நீங்க வேண்டாம்னு சொல்லலையே."

"சொல்லலைம்மா. சொல்லியிருக்கணும். நானும் வீட்டுல ஒருத்தருக்குப் போட்டேன். அவர் இப்ப ஸ்கேன்ல இருக்காரு. பயப்படாதீங்க, ஒருவேளைதானே ஆச்சு. இனி விடாதீங்க. அம்மாவை இப்பவே கூட்டிட்டு வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். நான் முந்தைய நாள் படிவத்தை எடுத்து, பன்னிரண்டாவது டிக்கின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, 'ஆம். மனைவியின் தம்பிக்கு, இருபத்தொரு நாள்' என்று எழுதினேன். கீழே, 'நேற்று இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு மற்ற இருபத்தெட்டு நோயாளிகளின் படிவங்களையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியாகப் படிக்கட்டு தெரிந்தது. வெயில் ஏறியும் அவர் நிழலுக்கு நகரவில்லை. வந்து நின்ற ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தார். பதினொரு மணிக்கு அந்தப் பெண் அம்மாவோடு வந்து இறங்கினாள். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, படிக்கட்டில் ஏற்றி, உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.